பூங்குன்றனார் பாட்டும் நமது பிரசங்க பீடமும்

தமிழ்ப் பாடல்களுள் முதலடியால் மட்டுமே உலகறிந்தது ஒன்று உண்டெனில், அது புறநானூற்றின் 192ஆம் பாடல் ஆகும். எந்த ஊரும் நமக்கு அயலூர் அன்று, எந்த மாந்தரும் நமக்கு அயலார் அல்லர் என்னும் கருத்தமைந்த அவ்வடி, மாநாட்டுப் பந்தல்களிலும் பள்ளிச் சுவர்களிலும் இடம்பெறுகிறது. 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிகாகோ நகரில் கூடிய பத்தாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டிற்கென அப்பாடல் முழுவதும் இசையமைக்கப்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப் பேரவையில் இந்தியத் தலைமை அமைச்சர் அதன் முதலடியை எடுத்தாண்டார். நமது திருச்சபைகளிலும் அவ்வடிக்குக் குறைவில்லை. ஐக்கிய ஞாயிறு, கிறிஸ்து பிறப்புவிழா, சமய நல்லிணக்கக் கூட்டம் ஆகியவற்றில் அதனை மேற்கோளாகக் கேட்டுப் பழகியுள்ளோம்.

ஆனால் அப்பாடல் பதின்மூன்று அடிகளைக் கொண்டது. முதலடி கேட்டவுடன் கைதட்டும் நாம், எஞ்சிய பன்னிரண்டு அடிகளைக் கேட்பதில்லை. திருமுகம் ஒன்றின் வாழ்த்துரையை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடும் வாசகரைப் போன்றோராகிறோம். இக்கட்டுரையில் அப்பாடலை முழுமையாக நோக்கி, நல்வாழ்வுக்கும் பிறரிடத்து அன்புக்கும் அது காட்டும் நெறி யாது, அதனைப் பிரசங்க பீடத்தில் எடுத்தாளும்போது நாம் எங்கே பிழைபடுகிறோம், அப்பாடலின் எல்லைதான் யாது என்பவற்றை ஆராய முற்படுகிறோம்.

1. புலவரும் ஊரும்

பாடலைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். அவர் பெயரில் அமைந்த பூங்குன்றம், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்த மகிபாலன்பட்டியே என்பதனைக் கல்வெட்டுச் சான்றுகொண்டு அறிஞர் கூறுவர். திருப்பத்தூர் என்றவுடன் நம் வாசகருள் பலருக்கு 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றிய வடபுலத்துத் திருப்பத்தூரே நினைவுக்கு வரும். நாம் குறிப்பது செட்டிநாட்டை ஒட்டிய திருப்பத்தூரை. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தூக்கிலிட்ட ஊர் அது. சுவீடன் நாட்டு மிஷனெரிமார் தோற்றுவித்த மருத்துவமனை அமைந்த ஊரும் அதுவே. மகிபாலன்பட்டியோ, திருவாசகத்திற்குக் கதிர்மணி விளக்கம் எழுதிய பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் (1881-1953) பிறந்த ஊர்.

கணியன் என்னும் சொல் காலத்தைக் கணித்து நன்னாள் கூறுவோனைக் குறிக்கும். நாளும் கோளும் கணிப்பது அவர் தொழிலாயின், அரசர்க்கு வெற்றிக்குரிய வேளையைக் கூறிப் பொருள் பெறுதல் அவர்க்கு எளிது. ஆனால் இப்பாடலில் அரசர் எவரும் இலர். புறநானூற்றில் பெரும்பாலான பாடல்கள் ஒரு மன்னனையோ வள்ளலையோ முன்னிறுத்தி, அவன் மறத்தையும் கொடையையும் போற்றுவன. இப்பாடலுக்குத் தலைவனும் இல்லை, பரிசிலும் இல்லை. இது பொதுவியல் திணையில், உயிர்க்கு உறுதி பயக்கும் பொருளை உரைக்கும் பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அமைந்துள்ளது. திருமறையில் நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகியவற்றை நாம் ஞான இலக்கியம் என வழங்குகிறோம். தமிழில் அவ்வினத்தைச் சார்ந்த மிகப் பழைய பாடல்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

2. தொடக்கமும் முடிவும்

பாடலின் கருத்தோட்டத்தைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். ஊரும் உறவும் எங்கும் உள. கேடும் ஆக்கமும் பிறர் கொணர்ந்து தருவன அல்ல. வருந்துதலும் வருத்தம் நீங்குதலும் அத்தகையனவே. இறப்பு உலகிற்குப் புதிய செய்தி அன்று. ஆகவே வாழ்க்கை இனியதென்று களிப்பதும் இல்லை. வெறுப்புற்ற பொழுதில் அது கொடியதென்று பழிப்பதும் இல்லை. மழை பெய்து பெருகி, பாறைகளில் மோதி ஒலித்து ஓடும் பேராற்றில் நீரின் போக்கிலே செல்லும் புணையைப் போன்று உயிர் ஒரு முறையின்வழிச் செல்லும் என்பதை ஞானியரின் காட்சியால் தெளிந்துள்ளோம். ஆதலால் பெருமை மிக்கோரைக் கண்டு மலைத்து நிற்பதில்லை. சிறியோரைத் தாழ்வாகக் கருதுவதோ அதைக்காட்டிலும் இல்லை.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது 'ஆதலால்' என்னும் பொருள்தரும் இணைப்புச் சொல்லையே. புலவர் அதனைப் பாடலின் முடிவுக்கு முன்னர் அமைத்துள்ளார். முதலடி ஓர் அறிவிப்பு, இறுதியோ முடிவுரை. இடைப்பட்ட அனைத்தும் அம்முடிவை நோக்கி நடத்திச் செல்லும் காரணங்கள். எனவே பாடலின் நெஞ்சம் முதலடியில் அன்று, இறுதியிலேயே துடிக்கிறது. எல்லா மாந்தரும் உறவினர் எனக் கூறுவதற்கு எவ்விதச் செலவும் இல்லை. அவ்வாறு கூறியவன், தன்னினும் உயர்ந்தோன் எதிர்ப்படும்போது எவ்வாறு நிற்கிறான், தன்னினும் தாழ்ந்தோன் எதிர்ப்படும்போது எவ்வாறு நோக்குகிறான் என்பதிலேயே அக்கூற்றின் மெய்ம்மை விளங்கும். புலவர் அன்பை ஓர் உணர்ச்சியாகக் கூறவில்லை. கண்ணின் பழக்கமாகக் கூறுகிறார்.

மற்றொன்றையும் குறிக்கவேண்டும். பெரியோரைக் கண்டு மலையாமையும் சிறியோரை இகழாமையும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை. இரண்டாவது முதலாவதைக்காட்டிலும் வன்மையாக மறுக்கப்படுகிறது. புலவர் பலரும் பெரியோரைப் புகழ்ந்து வாழ்ந்த காலத்தில், புகழமாட்டோம் என ஒருவர் கூறுவதே துணிவு. அத்துணிவோடு நின்றிருப்பின் அது செருக்காக முடிந்திருக்கும். பெரியோரைப் பொருட்படுத்தாதவன் சிறியோரையும் பொருட்படுத்தாதிருப்பது உலகியல். பூங்குன்றனார் அந்த வாயிலை அடைத்துவிடுகிறார்.

இவரே பாடியதாகச் சிலர் கருதும் பாடல் ஒன்று நற்றிணையில் 226ஆவதாகக் காணப்படுகிறது. அங்குப் புலவர் பெயர் கணிபுன்குன்றனார் என உள்ளது. இருவரும் ஒருவரே எனின், அவருடைய மனப்போக்கு இன்னும் தெளிவாகிறது. மருந்துக்காக மரத்தைப் பறிப்போரும் மரம் பட்டுப்போகும் அளவிற்குப் பறிப்பதில்லை. தவம் புரிவோரும் உடலின் வலிமை அழியுமளவிற்குப் புரிவதில்லை. மன்னரும் நாட்டின் வளம் கெடுமாறு வரி கொள்வதில்லை எனப் பிரிவால் வருந்தும் தலைவி தோழிக்குக் கூறுவதாக அப்பாடல் அமைந்துள்ளது. பொருள் தேடச் சென்ற தலைவன் இவ்வளவினை அறியவில்லை என்பது அவள் குறை. எதனையும் அதன் உயிர்நிலை கெடாத அளவில் நிறுத்தத் தெரிந்தவனே ஞானி. புறநானூற்றுப் பாடலில் வியப்புக்கும் இகழ்ச்சிக்கும் வைத்த அளவே இங்கு மருந்துக்கும் வரிக்கும் வைக்கப்பட்டுள்ளது.

3. போப் ஐயரின் மொழிபெயர்ப்பு

இப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தோருள் முற்பட்டவர் டாக்டர் ஜி. யு. போப். 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டபின், போப் அதன் பாடல்கள் பலவற்றை ஆங்கிலச் செய்யுளாக்கினார். இன்றளவும் ஆங்கிலத்தில் இப்பாடலை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அவர் சொற்களையே நாடுகின்றனர். அவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் அவர் மிஷனெரி. மொழிபெயர்ப்பில் அவருடைய திருமறைப் பயிற்சியும் தன்னையறியாது கலந்துள்ளது. மூன்று இடங்களைச் சுட்டுவோம்.

முதலாவது, நோவும் அதன் தணிவும் உள்ளிருந்தே வருவன எனப் போப் எழுதுகிறார். மூலத்தில் 'உள்ளிருந்து' என்பதற்குச் சொல் இல்லை. கேடும் ஆக்கமும் போன்றே நோவும் தணிவும் என்பதே அங்குள்ளது. மூலம் ஒரு மறுப்போடு நின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு விடையையும் சேர்த்துவிடுகிறது. இச்சிறு சேர்க்கையால் துன்பத்தின் பொறுப்பு முழுவதும் துன்புறுவோன் தலைமேல் ஏறுகிறது.

இரண்டாவது, புணையை எளிதில் உடையத்தக்கது என அவர் அடைமொழி கொடுத்து வருணிக்கிறார். மூலத்தில் அவ்வடைமொழி இல்லை. தமிழில் புணை என்பது மெலிவின் சின்னம் அன்று. நீரைக் கடக்கப் பற்றும் துணையின் பெயர். போப் தாமே 1886இல் மொழிபெயர்த்து வெளியிட்ட திருக்குறளில் 306ஆம் குறள், ஒருவனுடைய இனத்தையே அவனைக் காக்கும் புணையாக உருவகித்து, சினம் அப்புணையையும் சுட்டுவிடும் என எச்சரிக்கிறது. சுற்றமே புணை என்னும் அவ்வுருவகத்தை மனத்திற்கொண்டு பூங்குன்றனாரை மீண்டும் நோக்கின், முதலடியின் உறவினரும் இடையில் வரும் புணையும் தொடர்பற்றவை அல்ல என்பது புலனாகும். நம் அனைவரையும் சுமப்பது ஒரே வெள்ளம். அவ்வெள்ளத்தில் ஒருவர்க்கொருவர் உறவினர் என அறிவதே நல்வாழ்வின் தொடக்கம்.

மூன்றாவது, இறுதியடியில் சிறியோரைக் குறிக்கப் போப் தேர்ந்த ஆங்கிலச் சொற்றொடர், ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமத்தில் ரோமர் 12:16இல் உள்ள சொற்றொடரே. உயர்ந்தவற்றை நாடாமல் தாழ்நிலையில் உள்ளோரோடு ஒத்து நடக்குமாறு பவுல் பணிக்கும் இடம் அது. போப் இதனை எண்ணிச் செய்தாரா, எண்ணாமல் செய்தாரா என்பது நமக்கு முக்கியமன்று. சங்கப் புலவரின் முடிவுரையில் திருத்தூதரின் குரலை அவர் கேட்டார் என்பதே நாம் கொள்ளவேண்டியது. முதலிரண்டு இடங்களில் அவர் மூலத்தினின்று விலகினார். மூன்றாம் இடத்தில், பாடலின் நெஞ்சம் எங்கே உள்ளது என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார்.

4. இடர்ப்பாடு

இனி இப்பாடலைப் போதிக்கும்போது எழும் பெரிய இடர்ப்பாட்டினை மறைக்காது எதிர்கொள்ளவேண்டும். தீமை பிறரால் வருவதில்லை என்பது மெய்தானா?

பூங்குன்றனாரின் மண்ணிலேயே இக்கேள்வி எழுகிறது. மருது சகோதரர்க்குத் தூக்குமரம் பிறரால் வந்தது. அண்மைக் காலத்திற்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இரவில், அதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தம் என்னும் சிற்றூரில் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் சாதிவெறியர் தாக்குதல் நடத்தினர், மூவர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் இருபத்தேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தோர் இல்லங்களில் நின்று, கேடு பிறரால் வருவதில்லை என ஓர் ஆயர் கூறுவாராயின், அவர் வாயில் அச்சொல் ஞானமாகாது, கொடுமையே ஆகும். நீதிமன்றம் இருபத்தேழு பேரைப் பெயர்சுட்டிக் கூறியபின், எவரும் இதற்குக் காரணரல்லர் எனத் திருச்சபை கூற இயலுமா?

இத்தகைய பிழையைத் திருமறை முன்னரே கண்டித்துள்ளது. யோபுவின் நண்பர் கூறியவற்றுள் பலவும் தனித்து நோக்கின் தவறானவை அல்ல. சங்கீதங்களிலும் நீதிமொழிகளிலும் அவற்றுக்கு இணையானவை உள. ஆயினும் சாம்பலில் அமர்ந்திருப்போனிடம் அவற்றைக் கூறியதனால், நூலின் முடிவில் அவர்கள் சரியானதைப் பேசவில்லை என ஆண்டவர் கடிகிறார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இது யார் செய்த பாவம் என வினவியபோது, இயேசு அவ்வினாவையே ஏற்கவில்லை (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்டோரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதும், மாண்டோரின் குற்றத்தை அளக்க அவர் இடந்தரவில்லை. கேட்போரின் மனமாற்றத்தையே வேண்டினார் (லூக்கா 13).

புறநானூற்றின் பழைய உரையாசிரியர், புணை செல்லும் 'முறை' என்பதற்கு ஊழ் எனப் பொருள் கொண்டார். ஊழ் என்னும் கோட்பாடு நம் நாட்டில் யாருக்கு ஆறுதலாயிற்று, யாருக்கு விலங்காயிற்று என்பதை நாம் அறிவோம். பிறப்பினால் வந்த இழிவை முன்வினைப் பயனெனக் கொண்டு பொறுத்திருக்கச் சொல்வோரிடம் இப்பாடல் சிக்குமானால், அதன் இறுதியடிகள் தாமே அதற்கு எதிர்சாட்சியாக நிற்கும். ஊழ்வழிப்பட்டோர் என்பதனால் சிறியோரை இகழலாம் என்னும் முடிவுக்குப் புலவர் வரவில்லை. இகழ்தல் ஒருபோதும் தகாது என்னும் முடிவுக்கே வந்தார். ஒரே கோட்பாட்டினின்று சமுதாயம் ஏணிப்படிகளைக் கட்டியது. பூங்குன்றனார் அவ்வேணியைச் சாய்த்தார். இதுவே அவருடைய தனிச்சிறப்பு.

5. 'நாம்' எனப் பேசும் ஞானம்

மேற்கூறிய இடர்ப்பாட்டினின்று விடுபடுதற்கு வழியைப் பாடலின் இலக்கணமே காட்டுகிறது. ஆத்திசூடி ஏவலால் இயன்றது. நீதிமொழிகளும் மகனே எனத் தொடங்கிப் பலவிடங்களில் கட்டளையாகவே பேசுகிறது. ஆனால் பூங்குன்றனாரின் பாடலில் ஓர் ஏவல் வினைகூட இல்லை. நீ களிக்காதே, நீ வெறுக்காதே, நீ இகழாதே என அவர் எவரையும் நோக்கிக் கூறவில்லை. களிப்பதில்லை, பழிப்பதில்லை, தெளிந்தோம், மலைப்பதில்லை, இகழ்வதில்லை என்று தன்மைப் பன்மையிலேயே கூறுகிறார். போதனையின் வடிவில் அன்று, அறிக்கையின் வடிவில் இப்பாடல் அமைந்துள்ளது. நாம் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வதுபோல் ஒரு குழாம் எழுந்து நின்று தன் வாழ்க்கை நெறியை அறிக்கையிடுகிறது எனக் கொள்ளலாம்.

இவ்வேறுபாடு சிறியதன்று. என் துன்பத்திற்குப் பிறரைக் காரணமாக்கேன் என ஒருவன் தன்னைக் குறித்துக் கூறுவது ஞானம். உன் துன்பத்திற்குப் பிறர் காரணரல்லர் என மற்றொருவனை நோக்கிக் கூறுவது தீர்ப்பு. முன்னையது பகைமையினின்று மனத்தை விடுவிக்கும்; பின்னையது பகைவனுக்குப் புகலிடமாகும். சொல் ஒன்றே, இடம் மாறியவுடன் பொருள் மாறிவிடுகிறது. ஆதலின் தன்மையில் பிறந்த வாக்கியத்தை முன்னிலைக்கு மாற்றாதிருத்தல் பிரசங்கியார்க்குரிய முதற் கடமை.

மன அமைதியைக் குறித்தும் இதுவே விதி. வாழ்வு இனிதெனக் களியாமையும் கொடிதென வெறாமையும் ஒருவன் தன் வாழ்வைக் குறித்துக் கொள்ளும் நிலை. பிறர் வாழ்வைக் குறித்து அந்நிலையைக் கொள்வானாயின், அது பாராமுகம். ரோமர் 12:16இன் எதிரொலியைப் போப் இப்பாடலில் கேட்டார் என்றோம். அதற்கு முந்திய 15ஆம் வசனம், மகிழ்வாரோடு மகிழவும் அழுவாரோடு அழவும் நம்மை அழைக்கிறது. இவ்வழைப்பு பூங்குன்றனாரிடம் இல்லை. இதுவே அவர் பாடலின் எல்லை. தன் இன்பதுன்பங்களில் கலங்காதிருக்க அவர் கற்பிக்கிறார். பிறர் கண்ணீரில் கலங்கக் கற்பிக்கவில்லை. பவுலிடத்தில் இவ்விரு வசனங்களும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. அழுவாரோடு அழாதவன் தாழ்ந்தோரோடு ஒத்து நடக்க இயலாது.

எனினும் பூங்குன்றனார் நமக்குத் தரும் ஒன்றும் உண்டு. பவுல் ஒரே உடலின் உறுப்புகள் என்னும் காரணங்காட்டித் திருச்சபையாரைத் தாழ்மைக்கு அழைக்கிறார். புலவரோ திருச்சபைக்கு வெளியே நின்று, ஒரே வெள்ளத்தின் புணைகள் என்னும் காரணங்காட்டுகிறார். செட்டிநாட்டு மக்கள் இதனைப் பட்டறிந்தோர். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகத்தால் செழித்த குடும்பங்களும், அந்நாடுகளுக்குக் கூலிகளாகச் சென்ற ஏழை எளியோரும் இருந்தனர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, பொருளுடையோரும் இல்லாதோரும் உடைமைகளை விட்டு ஓட நேர்ந்தது. வெள்ளம் பெருகும்போது எந்தப் புணையும் தன் உயரத்தைக் காட்டி நிற்பதில்லை. கிறிஸ்தவரல்லாத அண்டை வீட்டாரோடு தாழ்மையைக் குறித்துப் பேச நமக்குப் பொதுச்சொல் வேண்டுமெனின், இப்பாடலினும் சிறந்த வாயில் அரிது.

6. உறவு என்பதன் விலை

இறுதியடியின் ஒளியில் முதலடிக்கு மீண்டு வருவோம். அங்கு மாந்தரைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் 'கேளிர்'. இது வெறும் நண்பரைக் குறிக்கும் மெல்லிய சொல் அன்று. குறுந்தொகையின் 40ஆம் பாடலில் காதலன், தம் இருவர் தந்தையரும் எம்முறையில் உறவினர் என வினவுமிடத்து இதே சொல் வருகிறது. உறவுமுறை என்றால் தமிழ் மக்கள் வாழ்வில் என்னென்ன அடங்கும் என்பதை எல்லாரும் அறிவர். ஒரே பந்தியில் உண்ணல், பெண் கொண்டு கொடுத்தல், சாவுவீட்டில் உரிமையோடு நுழைதல், ஒரே இடத்தில் அடக்கம் செய்தல் ஆகியவை அனைத்தும் அச்சொல்லின் விலை.

இவ்விலையைத் திருச்சபை செலுத்தியுள்ளதா? 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிக்கப்படவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்துப் பிரிந்தனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்தும், கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியில் திருச்சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயரும் காணப்படுகிறது. கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரும் பிரிக்கப்பட்டே கிடக்கின்றனர். இந்நிலையில் பூங்குன்றனாரின் முதலடியைப் பலிபீடத்தின் முன் எழுதி வைப்பது அலங்காரமேயன்றி அறிக்கை ஆகாது.

எல்லா ஊரும் நம் ஊர் என்பதும் இவ்வாறே. மீண்டு செல்ல ஒரு மாளிகை உள்ளவன் உலகெலாம் தன் ஊர் எனக் கூறுதல் எளிது. சொந்த ஊரில் ஒரு தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாதவன் அவ்வாறு கூறுவது எங்ஙனம்? இலங்கை மலையகத்துத் தமிழர், தாம் உழைத்த நாட்டிலேயே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையின்படி அவர்களுள் பல்லாயிரவர், தாம் கண்டிராத ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் தமிழகத்து ஊர்களில் வந்திறங்கியபோது, அவ்வூரார் அவர்களை நம் ஊரார் எனக் கூறினரா என்பதே பாடலின் உரைகல். அடியின் பொருள் அதைப் பாடுவோனிடத்தில் அன்று, வந்தவனுக்கு இடங்கொடுப்போனிடத்தில் நிறைவேறுகிறது. சுவீடன் நாட்டினர் திருப்பத்தூரில் மருத்துவமனை எழுப்பியபோது அவ்வூரைத் தம் ஊராகக் கொண்டனர்; அதுவும் இப்பாடலுக்கு ஓர் உரையே. அவ்வுரைக்கு எதிருரையாக, இடம்பெயர்ந்து வரும் வடநாட்டுத் தொழிலாளரை இன்று நம் ஊர்ச் சபைகள் எவ்வாறு நோக்குகின்றன என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

7. திருப்பணியாளர்க்கு

இவற்றால் நாம் பெறும் முடிவுகள் மூன்று. ஒன்று, இப்பாடலைப் பிரசங்கத்தில் எடுத்தாள்வோர் முதலடியோடு நில்லாது இறுதிவரை செல்லுதல் வேண்டும்; நேரம் குறைவெனின் முதலடியை விட்டேனும் இறுதியடிகளைக் கூறுக. இரண்டு, துன்பத்தைக் குறித்த அதன் கூற்றைத் துன்புறுவோர்மேல் ஏற்றாது, தன்மைக் கூற்றாகவே காத்தல் வேண்டும். நீதி வேண்டி நிற்போனிடம் இப்பாடல் பேச வந்ததன்று. மூன்று, பாடலில் இல்லாத கண்ணீரை ரோமர் 12:15இலிருந்து கொண்டுவந்து அதனருகில் வைத்தல் வேண்டும். அவ்வாறு வைப்பது புலவரைக் குறைகூறுவதாகாது, அவரோடு உரையாடுவதாகும்.

பாடல் காட்டும் ஞானம் பெரும் செயல்களைக் குறித்ததன்று. அன்றாடச் சிறு செயல்களைக் குறித்தது. மறைமாவட்டப் பேராயரின் வண்டி வந்து நிற்கும்போது ஆயர் எவ்வளவு விரைவாக எழுகிறார்; கோவிற்பிள்ளையின் மனைவி வாயிலில் நிற்கும்போது எவ்வளவு நேரங்கழித்து நிமிர்ந்து பார்க்கிறார்; பெருங்காணிக்கை தருபவர் இல்லத்துத் திருமணத்தில் ஜெபம் எத்தனை நிமிடம் நீள்கிறது; கூலித் தொழிலாளியின் அடக்க ஆராதனையில் எத்தனை நிமிடத்தில் முடிகிறது. செல்வன் பொன்மோதிரத்தோடு ஆலயத்தில் நுழையும்போது இருக்கை எங்கே அளிக்கப்படுகிறது என யாக்கோபு (2:2-4) கேட்ட கேள்வியும் இதுவே. இறையியற் கல்லூரியில் மூன்றாண்டு, நான்காண்டு பயின்ற அறிவு இவ்விடங்களில் தேர்வெழுதுகிறது.

பூங்குன்றனார் அத்தேர்வுக்கு விடையை நமக்காக எழுதித் தரவில்லை. தம் குழாத்தினர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை மட்டுமே கூறிச் சென்றார். அவர் கூற்றின் வினைகள் தன்மைப் பன்மையில் அமைந்திருப்பதால், அதனைப் படிப்போர் எவரும் ஒன்று அந்த 'நாம்' என்பதனுள் வந்து நிற்கவேண்டும். அன்றேல் வெளியே நின்று கைதட்டவேண்டும். பெரியோர்முன் மலையாத, சிறியோரை இகழாத ஒரு குழாம் தமிழ் மண்ணில் இருந்தது என்பதற்குச் சங்கப் பாடல் சான்று. அத்தகைய குழாம் இன்றும் உள்ளது என்பதற்கு நம் சபைகளே சான்றாகவேண்டும்.